கால்நடை வளர்ப்பில் நுண்ணுயிர் எதிர்ப்பிக் கட்டுப்பாடும் அதன் பொருளாதார விளைவுகளும்: டென்மார்க்கை முன்வைத்து

முன்னுரை

நோய் தீர்ப்பதற்காக அன்றி, உடல் எடையை விரைந்து கூட்டுவதற்காகவும் கால்நடைத் தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் சிறிதளவில் தொடர்ந்து கலக்கப்பட்டு வந்துள்ளன. இவ்வழக்கம் மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகளைப் பெருக்குகிறது. எனினும், இதனைத் தடுத்தால் உற்பத்திச் செலவு உயரும் என்ற அச்சம் பண்ணையாளர்களிடம் உண்டு. பன்றி இறைச்சி ஏற்றுமதியில் முன்னணி நாடுகளுள் ஒன்றான டென்மார்க்கின் பட்டறிவைக் கொண்டு அவ்வச்சம் எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தடையின் படிநிலைகள்

மனித மருத்துவத்தில் இன்றியமையாத வான்கோமைசினுடன் நெருங்கிய உறவுடையது அவோபார்சின். இதனை டென்மார்க் 1995இல் தடைசெய்தது. 1998இல் இறைச்சிக் கோழிகளுக்கும் 35 கிலோவுக்கு மேற்பட்ட பன்றிகளுக்கும் வளர்ச்சியூக்கி மருந்து தருவதை உற்பத்தியாளர்கள் தாமாகவே கைவிட்டனர். 1999இன் இறுதிக்குள் குட்டிகளுக்கும் அது நிறுத்தப்பட்டது.

செலவும் அதன் பங்கீடும்

உலக சுகாதார நிறுவனம் கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு 2002இல் இதன் விளைவுகளை மதிப்பிட்டது. அதன்படி, ஒரு பன்றிக்கு ஏறத்தாழ 7.75 டேனிஷ் குரோனர், அதாவது உற்பத்திச் செலவில் சுமார் 1 விழுக்காடு கூடியது. கோழிப் பண்ணைகளில் தீவனத் தேவை சற்றே கூடினும், மருந்து வாங்காததால் மிஞ்சிய தொகை அதனை ஈடுசெய்தது. எனவே, சுமை எல்லார்க்கும் ஒன்றாக அமையவில்லை. பால்குடி மறக்கும் பருவத்துக் குட்டிகளை வளர்க்கும் நிலையிலேயே அது குவிந்தது. அக்குட்டிகளிடையே வயிற்றுப்போக்கு மிகுந்தமையால் சிகிச்சைக்கான மருந்துப் பயன்பாடும் உயர்ந்தது. கொட்டில் தூய்மை, தீவன அமைப்பு, பால் மறக்கச் செய்யும் வயது ஆகியவற்றில் காட்ட வேண்டிய கவனத்திற்கு அதுவரை மலிவான மருந்து ஈடாக நின்றது என்பதை இது உணர்த்துகிறது.

வருவாய் நோக்கை நெறிப்படுத்தல்

தடை மட்டுமே போதுமானதாக இருக்கவில்லை. மருந்து விற்பனையால் கால்நடை மருத்துவர் பெறும் இலாபத்திற்கு 1990களின் நடுப்பகுதியிலேயே வரம்பு விதிக்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தும் பன்றிப் பண்ணைகளை எச்சரிக்கும் 'மஞ்சள் அட்டை' முறை 2010இல் தொடங்கியது. 1992இல் 1.84 கோடியாக இருந்த ஆண்டுப் பன்றி உற்பத்தி 2008இல் 2.71 கோடியாக வளர்ந்தது. அதே காலத்தில் ஒரு கிலோ இறைச்சிக்கான மருந்துப் பயன்பாடு பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

முடிவுரை

கட்டுப்பாட்டின் செலவு உண்மையானது, ஆயினும் சிறியது. அச்செலவு பண்ணையாளரின் கணக்கில் உடனே பதிவாகிறது. மருந்தின் ஆற்றல் காக்கப்படுவதன் பயனோ எங்கோ ஒரு மருத்துவமனையில் நோயாளிக்குக் கிடைக்கிறது. இவ்விடைவெளியால், சந்தை தானாக இம்மாற்றத்தைக் கொணராது. சுமை குவியும் இடத்தைக் கண்டறிந்து, அங்கு உதவியைச் செலுத்தும் கொள்கையே தடையை நிலைபெறச் செய்யும்.