நாயகன் நீங்கள்தான்: கதை சொல்லும் விளையாட்டுகளில் எதை முதலில் ஆடலாம்?

ஒரு ராஜ்யத்தின் ஆயிரமாவது ஆண்டு விழா. மைதானம் முழுக்கக் கடைகள், போட்டிகள், கூட்டம். வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும் குரோனோ என்ற இளைஞன் ஒரு பெண் மீது மோதிவிடுகிறான். அவள் அணிந்திருந்த பதக்கம் தெறித்து விழுகிறது. ஆடுபவர் முதலில் அவளிடம் போய்ப் பேசலாம். இல்லையென்றால் பதக்கத்தை எடுக்க ஓடலாம். சற்றுத் தள்ளி ஒரு மேசை மேல் யாருடைய சாப்பாடோ இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் குரோனோ அதைச் சாப்பிட்டுவிடுவான். பக்கத்தில் பூனையைத் தொலைத்த சிறுமி ஒருத்தி நிற்கிறாள். உதவுவதும் உதவாமல் போவதும் ஆடுபவர் விருப்பம்.

பிறகு, கொஞ்சமும் எதிர்பாராத நேரத்தில், இளவரசியான அந்தப் பெண்ணைக் கடத்தினான் என்று குரோனோ மீது வழக்கு வருகிறது. சாட்சிக் கூண்டில் ஏறுவது யார்? சாப்பாட்டைப் பறிகொடுத்த அந்தப் பெரியவர். பூனையைத் திரும்பப் பெற்றிருந்தால், அந்தச் சிறுமியும் வந்து நல்ல வார்த்தை சொல்வாள். விழாவில் அலட்சியமாகச் செய்த ஒவ்வொன்றும் ஜூரிகள் முன்னால் எடுத்து வைக்கப்படுகிறது.

1995இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘குரோனோ டிரிக்கர்’ விளையாட்டில் வரும் காட்சி இது. தீர்ப்பு எதுவானாலும் குரோனோ சிறைக்குப் போவது நிச்சயம். கதையின் பெரும்போக்கு மாறாது. ஆனாலும் முதன்முறை ஆடுபவர்கள் இந்த இடத்தில் திடுக்கிட்டுப் போகிறார்கள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துச் செய்ததை விளையாட்டு கவனித்திருக்கிறது. ரோல்-பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி எனப்படும் விளையாட்டு வகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சினிமாவில் நாயகன் தப்பு செய்தால் பார்வையாளர் உச்சுக்கொட்டலாம். ஆர்பிஜியில் அந்தத் தப்பு ஆடுபவருடையது.

காகிதமும் பகடையும்

இந்த வகையின் மூலம் கணினியில் இல்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் இருவரும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். வீரம், புத்தி, பேச்சுத் திறன் எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பெண் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். காவலாளியிடம் பொய் சொல்லித் தப்ப வேண்டுமா? பகடையை உருட்டு. விழும் எண்ணும் பாத்திரத்தின் திறமையும் சேர்ந்து முடிவைச் சொல்லும்.

கதையை நடத்துபவரின் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டபோது ஆர்பிஜி வீடியோ கேம் பிறந்தது. அமெரிக்காவில் வந்த ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ விளையாட்டுகளால் ஈர்க்கப்பட்ட ஜப்பானியர் யூஜி ஹோரி, அதே அனுபவத்தை எல்லோருக்கும் புரியும்படி எளிமையாக்கி 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’டைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே ஹிரோனோபு சகாகுச்சியின் ‘ஃபைனல் ஃபேன்டசி’ வந்தது. போட்டியாளர்களாக இருந்த இந்த இருவரும் ‘டிராகன் பால்’ ஓவியர் அகிரா தோரியாமாவுடன் கைகோத்ததில் உருவானதுதான் ‘குரோனோ டிரிக்கர்’.

அன்றிலிருந்து இரண்டு மரபுகள் வளர்ந்துள்ளன. ஜப்பானிய மரபில் பெரும்பாலும் நாயகன் யார், கதை எங்கே போகிறது என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். ஆடுபவர் அவனோடு பயணம் போகிறார். மேற்கத்திய மரபில் நாயகனை உருவாக்குவதும், வழியைத் தேர்ந்தெடுப்பதும் ஆடுபவர் பொறுப்பு. இந்தக் கோடு இப்போது வெகுவாக அழிந்துவிட்டது என்றாலும், எது தனக்குப் பிடிக்கும் என்று யோசிக்கும் புதியவருக்கு இது உதவும்.

புதியவர்கள் பலர் இந்த வகைக்குள் நுழைந்த வேகத்தில் திரும்பிப் போவதற்கு ஒரு காரணம் உண்டு. “எது நல்ல ஆர்பிஜி?” என்று கேட்டால், ரசிகர்கள் உடனே இருப்பதிலேயே பெரியதைக் கையில் கொடுக்கிறார்கள். ‘பெர்சோனா 5 ராயல்’ அருமையான படைப்பு. டோக்கியோ பள்ளி மாணவன் ஒருவனின் ஓராண்டு வாழ்க்கையை நாள்காட்டியின் ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் காட்டுவது. ஆனால் அதை முடிக்க நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பட்டியல், எண்கள், ஆயுத வகைகள் என்று முதல் நாளே திணறுபவருக்கு அது சரியான நுழைவாயில் அல்ல. செய்ததன் விளைவு சீக்கிரம் கண்ணில் படும் சிறிய விளையாட்டில் தொடங்கி, மெல்ல மெல்லப் பெரியதற்குப் போவதே சரி.

முதல் படி: ‘அண்டர்டேல்’

2015 செப்டம்பரில் வெளியான ‘அண்டர்டேல்’, ஏறக்குறைய டோபி ஃபாக்ஸ் என்ற ஒரே மனிதரின் உழைப்பு. கதை, நிரல், இசை எல்லாம் அவரே. ஓவியத்தில் டெம்மி சாங் துணை நின்றார். பார்வைக்குப் பழைய வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒருமுறை ஆடி முடிக்க ஆறேழு மணி நேரம் போதும்.

மலைக்கு அடியில் பூதங்கள் அடைபட்டுக் கிடக்கும் உலகத்தில் ஒரு குழந்தை விழுந்துவிடுகிறது. வழியில் எதிர்ப்படும் பூதங்களோடு மோத வேண்டும். திரையில் நான்கு பொத்தான்கள்: அடி, பேசு, பொருளைப் பயன்படுத்து, இரக்கம் காட்டு. ஒரு பூதத்தைக்கூடக் கொல்லாமல் இந்த விளையாட்டை முடிக்கலாம். ஒன்றைத் தட்டிக்கொடுக்கலாம், ஒன்றின் ஜோக்குக்குச் சிரிக்கலாம், ஒன்றைப் புகழலாம். யாருக்கு என்ன தேவை என்று கண்டுபிடித்தால் சண்டை தானாக நிற்கும்.

ஆரம்பத்திலேயே ஒரு பெரிய மோதல் வருகிறது. எதிரில் நிற்பவர் நல்லவர். வேறு வழி தெரியாமல் பலர் அவரை அடித்துக் கொன்றுவிடுவார்கள். மனம் கேட்காது. முன்பு சேமித்து வைத்த ‘சேவ்’வுக்குத் திரும்பிப் போய், இந்தமுறை பொறுமையாக உயிரோடு விடுவார்கள். தப்பித்தோம் என்று பெருமூச்சு விடும்போது வேறொரு பாத்திரம் குறுக்கே வந்து, முன்பு நீ அவரைக் கொன்றது எனக்குத் தெரியும் என்று சொல்லும். விளையாட்டை அழித்து எழுதினாலும், நடந்தது நடந்ததுதான். ஆர்பிஜி என்ன செய்ய வல்லது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் இன்னொரு விளையாட்டைச் சொல்வது கடினம்.

கையில் கைபேசி மட்டுமே இருப்பவர்கள் ‘குரோனோ டிரிக்கர்’ பக்கம் போகலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. இருபது மணி நேரம் சொச்சம் பிடிக்கும் கதை. பல முடிவுகள் கொண்டது.

இரண்டாம் படி: ‘தி விட்சர் 3’

போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் கதைகளையும் நாவல்களையும் அடிப்படையாகக் கொண்டு, வார்சாவைச் சேர்ந்த சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கிய தொடர் ‘தி விட்சர்’. 2011இல் அமெரிக்க அதிபர் ஒபாமா போலந்துக்கு வந்தபோது, பிரதமர் டொனால்ட் டஸ்க் அவருக்குக் கொடுத்த பரிசுகளில் இத்தொடரின் இரண்டாம் பாகமும் ஒன்று. மூன்றாம் பாகம் 2015 மே மாதம் வந்தது. ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. முதல் இரண்டு பாகங்களை ஆடாமலே இதில் நேராக நுழையலாம்.

நாயகன் கெரால்ட், கூலிக்குப் பிசாசு வேட்டை ஆடுபவன். தான் வளர்த்த பெண்ணைத் தேடி, போரில் நாசமான வெலன் என்ற சதுப்பு நிலத்துக்கு வருகிறான். அங்கே ஒரு குறுநில மன்னன். மனைவியையும் மகளையும் காணவில்லை, கண்டுபிடித்துக் கொடுத்தால் உனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன் என்கிறான். தேடத் தேட உண்மை வெளிவருகிறது. அவன் குடிகாரன். மனைவியை அடித்தவன். அவள் கருவும் கலைந்திருக்கிறது. பெயர் வைக்காமல், சடங்கு செய்யாமல் புதைக்கப்பட்ட அந்தச் சிசு இப்போது பேயாக அலைகிறது.

கெரால்ட் முன்னால் இரண்டு வழிகள். வாளை எடுத்து அதைக் கொல்லலாம். அல்லது அந்தத் தகப்பனே அதைக் கையில் ஏந்தி, வீட்டுக்குக் கொண்டுவந்து, பெயரிட்டு, வாசற்படிக்கு அடியில் அடக்கம் செய்யும்படி செய்யலாம். இரண்டாவதைத் தேர்ந்தால், இருட்டில், மழையில், நெஞ்சோடு அணைத்த அந்தச் சுமையோடு அவன் நடக்கும் நடையைக் கூடவே நடந்து பார்க்க வேண்டும். இவனை வெறுப்பதா, இவனுக்காக இரங்குவதா என்று ஆடுபவரை விளையாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் சொல்வதில்லை.

கத்திச் சண்டைக்குப் பயப்படுபவர்களுக்கென்று, கதை மட்டும் போதும் என்கிற மிக எளிய நிலை இதில் இருக்கிறது. முதல்முறை ஆடுபவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

சண்டையே இல்லாத கதை

நாவல் படிக்கிறவர்களுக்குச் சிபாரிசு செய்ய ஒன்று உண்டு என்றால் அது 2019இல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’. இதை எழுதியவர் எஸ்தோனியாவைச் சேர்ந்த ராபர்ட் குர்விட்ஸ். இதே கற்பனை உலகத்தை வைத்து அவர் 2013இல் எழுதிய நாவல் சரியாக விற்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து அந்த உலகத்தை விளையாட்டாக்கினார். விளையாட்டு வந்த 2019ஆம் ஆண்டின் ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த கதை, சிறந்த ஆர்பிஜி உட்பட நான்கு விருதுகள் கிடைத்தன.

குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறியும் அதிகாரி, விடுதி அறை ஒன்றில் கண் விழிக்கிறான். விடுதிக்குப் பின்புறம் மரத்தில் ஒரு பிணம் தொங்குகிறது. அவன்தான் துப்புத் துலக்க வேண்டும். வாள் இல்லை, போர்க்களம் இல்லை. பேச்சு, பேச்சு, பேச்சு. நாயகனின் 24 திறமைகளும் மண்டைக்குள் ஆளுக்கொரு குரலில் பேசுகின்றன. தர்க்கம் ஒன்றைச் சொல்லும், அச்சம் வேறொன்றைச் சொல்லும், ஆணவம் இரண்டையும் அடக்கிவிட்டுத் தான் பேசும். உடல் வலிமையைக் குறைத்து வைத்துத் தொடங்கினால், மின்விசிறியில் சுற்றியிருக்கும் டையை எடுக்கப் போய் முதல் அறையிலேயே மாரடைப்பில் சாகவும் கூடும்.

பத்து லட்சம் சொற்களுக்கு மேல் கொண்ட விளையாட்டு இது. ஆங்கில வாசிப்பு சரளமாக இருந்தால்தான் முழுச் சுவை கிடைக்கும். இங்கே சொல்லப்படும் ஆர்பிஜிகள் எதுவும் தமிழில் வரவில்லை என்பதால், மொழியும் தேர்வில் ஒரு கணக்குதான். ‘அண்டர்டேல்’ ஆங்கிலம் எளிது. ‘விட்சர் 3’இல் பாத்திரங்கள் பேசுவதால் காதும் துணைக்கு வரும்.

பெரிய மலை

2023 ஆகஸ்டில் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’, பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லேரியன் நிறுவனத்தின் படைப்பு. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான முக்கிய விருதுகளையெல்லாம் அள்ளியது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் மேசை மீது உருண்ட அதே இருபது முகப் பகடை இதில் திரை நடுவில் உருள்கிறது. எண் குறைவாக விழுந்தால் பொய் அம்பலமாகும், பூட்டு திறக்காது. அதனால் கதை நின்றுவிடாது, வேறு பக்கம் திரும்பும்.

காட்டுப் பாதையில் இறந்து கிடக்கும் எஜமானுக்குப் பக்கத்தில் ஒரு நாய் காவல் நிற்கும். விலங்கு மொழி புரியும் மந்திரம் கைவசம் இருந்தால் அதோடு பேசலாம். இல்லாவிட்டால் கையை நீட்டி மோப்பம் பிடிக்க விடலாம். கண்டுகொள்ளாமலும் போகலாம். முதன்மைக் கதைக்கு இந்த நாய் அவசியமே இல்லை. இருந்தும் அதற்கென்று இவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள். வழிநெடுக இப்படித்தான். எழுபது மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். 150 ஜிபி இடமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். அனுபவமுள்ள ஒரு நண்பர் கூட இருந்தால் புதியவருக்கு இந்த மலை பாதியாகிவிடும்.

ஆடும் முன்

பெற்றோர் கவனத்துக்கு: ‘விட்சர் 3’, ‘டிஸ்கோ எலிசியம்’, ‘பால்டர்ஸ் கேட் 3’ மூன்றும் வயதுவந்தவர்களுக்கானவை. வன்முறையும் பாலியல் காட்சிகளும் கொச்சைப் பேச்சும் இவற்றில் ஏதோ ஒரு அளவில் உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட ‘அண்டர்டேல்’, ‘குரோனோ டிரிக்கர்’ ஏற்றவை.

கன்ட்ரோலரையே தொட்டுப் பழகாதவர்கள், விளையாட்டில் கதை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ‘வெண்பா’வில் ஓர் ஒத்திகை பார்க்கலாம். அது ஆர்பிஜி இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்டதை ஊகித்து இட்லி வார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது பெற்றது.

விலையைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் கோடையிலும் குளிர்காலத்திலும் தள்ளுபடி வரும். பழைய ஆர்பிஜிகள் அப்போது வெகுவாக விலை இறங்கும். அதுவரை முழுக்கதையையும் சொல்லும் யூடியூப் வீடியோக்கள் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஆடும்போது ஒன்றே ஒன்று: தப்பாகிப்போனால் உடனே பழைய ‘சேவ்’வுக்கு ஓடாதீர்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தே தீருவேன் என்று திரும்பத் திரும்பப் பின்னால் போகிறவருக்குக் கிடைப்பது பரீட்சை விடைத்தாள். தப்போடு முன்னேறுகிறவருக்குத்தான் சொந்தமாக ஒரு கதை கிடைக்கும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ‘அண்டர்டேல்’ வாங்குங்கள். அதை முடிக்கும்வரை இன்னொன்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.