நேராகப் போக முடியாத பந்தயம்

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டுவிட்டு நண்பர்கள் ஆறு பேர் வெளியே வந்தோம். பஃபலோ ரோடு அடுக்குமாடி வீடுகளில் மூங்கில் கழிகளில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. தொண்டியிலிருந்து இங்கு வேலைக்கு வந்திருக்கும் நண்பர் அண்ணாந்து பார்த்தார். “அண்ணே, சேலை பறக்கிற பக்கத்தைப் பாருங்க. சோழகம் பிடிச்சிருச்சு” என்றார்.

சோழகம் என்றால் தெற்குக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை சிங்கப்பூரில் காற்று பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வீசும். அன்று பிற்பகல் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் எங்களுக்குள் ஒரு பாய்மரப் படகுப் போட்டி. மூன்று படகுகள், படகுக்கு இருவர். கடைசியாக வருபவர்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும்.

கரைக்குத் தெற்கே ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் ஒரு மிதவை. அதைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் காற்று அந்த மிதவையிலிருந்து நேராக நம் முகத்துக்கு வருகிறதே! காற்று வரும் திசையை நோக்கிப் படகைத் திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். காற்றுக்கு இருபுறமும் சுமார் 45 பாகை வரை எந்தச் சாதாரணப் பாய்மரப் படகாலும் போக முடியாத பகுதி.

ஆகவே 45 பாகை சாய்வில் வலப்பக்கம் கொஞ்சம், பிறகு பாய் மாற்றி இடப்பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் போக வேண்டும். பித்தாகரஸ் தேற்றம் இங்கே வேலைக்கு வருகிறது. 500 மீட்டரை √2 ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 707 மீட்டர். காற்று திசை மாறாதவரை, ஒருமுறை திரும்பினாலும் பத்து முறை திரும்பினாலும் தூரம் அதேதான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறையும்.

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போவது புரிகிறது. எதிர்க்காற்றில் எப்படி முன்னேறுகிறது? வளைந்த பாய், தன்மேல் வரும் காற்றைப் பின்புறமாகத் திருப்பி விடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பாயைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசையின் பெரும்பகுதி பக்கவாட்டில், சிறுபகுதி முன்னோக்கி. படகின் அடியில் நீருக்குள் இறக்கிய பலகை பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. எஞ்சியது முன்னோக்கிய விசை. வழவழப்பான பலாக்கொட்டையை இரு விரல்களால் அழுத்திப் பாருங்கள். விரல்கள் பக்கத்திலிருந்துதான் அழுத்துகின்றன. கொட்டை முன்னால் பாய்கிறது.

வளைவின் ஒருபுறம் நீளம் அதிகம், அதனால் அங்கே காற்று விரைந்து ஓடி மறுபுறக் காற்றுடன் சேர்ந்துகொள்கிறது என்ற விளக்கத்தை எங்காவது படித்திருப்பீர்கள். நம்பாதீர்கள். பாய் ஒரு மெல்லிய துணி. அதன் இரு பக்கமும் ஒரே நீளம்தான்.

பந்தயம் தொடங்கியதும் நானும் என் கூட்டாளியும் இடப்பக்கம், அதாவது கிழக்கே போனோம். காரணம், இன்னொரு படகும் அங்கே போனது! தொண்டி நண்பரின் படகு மட்டும் மேற்கே தனியாகப் போனது. அவருக்குத் திசை தெரியவில்லையோ என்று நாங்கள் சிரித்தோம். தொண்டி, நம்புதாளைப் பக்கத்துக் கடற்கரையில் திருவிழா நாள்களில் நாட்டுப் படகுகளில் பாய்மரப் போட்டி நடக்கும் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டோம்.

அவர் பார்த்தது மேற்கே கறுத்திருந்த ஒரு மேகத்தை. மழைமேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கி, கடல்மட்டத்தில் நாலாபுறமும் பரவும். அந்தக் காற்று எங்களை எட்டியபோது தெற்குக் காற்று சுமார் 10 பாகை மேற்காகத் திரும்பியது.

வெறும் 10 பாகைதானே? காற்றின் திசைக்குச் செங்குத்தாகக் கடல்மேல் கோடுகள் போட்டு, அவற்றை ஓர் ஏணியின் படிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே படியில் இருக்கும் படகுகள் சமநிலையில் இருக்கின்றன, பக்கவாட்டில் எவ்வளவு விலகியிருந்தாலும். காற்று திரும்பினால் ஏணியே திரும்புகிறது. எங்களுக்கும் அவருக்கும் இடையே சுமார் 200 மீட்டர் இருந்திருக்கும். 200 ஐ சைன் 10 பாகையால் (0.17) பெருக்கினால் ஏறத்தாழ 35 மீட்டர். அவர் கூடுதலாக எதுவும் செய்யாமலே எங்களைவிட அவ்வளவு தூரம் முன்னே போய்விட்டார்.

காற்று வலுத்ததும் படகு சாய்ந்தது. இருவரும் விளிம்பில் உட்கார்ந்து உடலை வெளியே சாய்த்து எடையால் ஈடுகட்டினோம். புதிய உத்தி அல்ல இது. 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரின் புத்தாண்டுக் கடல் போட்டிகளில் மலாய் மாலுமிகள் ‘கோலெக்’ படகுகளை ஓட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்கு வெளியே தொங்குவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அதே தீவின் 17 வயது மேக்ஸ் மேடர், 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி, தேசிய தினத்தன்றே, பாரிஸ் ஒலிம்பிக்கின் காற்றாடிப் பலகைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அவருடைய பலகை காற்றைவிட வேகமாகப் போகும். அந்த அறிவியல் இன்னும் சுவையானது. வேறொரு வாரம் பார்ப்போம்.

நாங்கள்? மிதவையைச் சுற்றும்போது நான் பாய்க்கயிற்றைத் தாமதமாக விட்டேன். படகு கவிழ்ந்து, இருவரும் உப்புநீர் குடித்து, அதை நிமிர்த்தி ஏறுவதற்குள் மற்ற இரண்டு படகுகளும் கரைக்கு அருகில் போய்விட்டன. நாங்கள் கரையேறிய சில நிமிடங்களில் இடி கேட்டது. இடி கேட்டால் கடலில் இருக்கக் கூடாது, போட்டி எவ்வளவு சூடாக இருந்தாலும்.

இரவு தேக்காவில் ஆறு பிரியாணி. பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. மாடிகளில் துணிகளை எல்லாம் உள்ளே எடுத்துவிட்டார்கள். வெறும் கழிகளைப் பார்த்து, “இப்போது காற்று எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். தொண்டி நண்பர் கை கழுவிய ஈரவிரலை உயர்த்தினார்.

“காத்தே இல்லண்ணே.”