ஓடைப்பூச்சி இருந்தால் டிரவுட் மீனும் உண்டு

நீலகிரியில் பிறந்து வளர்ந்தோர் டிரவுட் மீனை அறிவர். அவலாஞ்சியில் 1907ல் இதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. குளிர்ந்த, தெளிந்த ஓட்டநீரே இம்மீனுக்கு ஏற்றது. இறகையும் நூலையும் கொண்டு ஈ போலக் கட்டிய தூண்டில் முள்ளை நீரில் வீசினால், பூச்சியென்று எண்ணிக் கவ்வும்.

ஓடைப்பூச்சிகளின் இளம்பருவம் நீரடிக் கற்களில் கழிகிறது. பூச்சிமருந்து கலந்தால் அவை மடியும். மீனுக்கு இரை குறையும். இந்நீரே குந்தா வழியாகப் பவானியைச் சேர்கிறது.

எனவே மலைக்காய்கறி விவசாயிகள் தெளிப்பானை ஓடையில் கழுவக்கூடாது. மருந்து டப்பாக்களை நீரில் எறியக்கூடாது. கரையோரம் சில அடி அகலம் உழாமல் புல் விடுவது நல்லது. மண்ணும் மருந்தும் இறங்குவது குறையும்.

ஓடைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள். மூன்று வால் இழையுள்ள சிறு பூச்சிகள் ஒட்டியிருந்தால் அது நல்ல அறிகுறி.