வாகனத்துக்குள் தொலைபேசியும் டெப்பும்: இறுகப் பொருத்தினால் இழப்பில்லை

எமது வியாபாரம் இன்று கடைக்குள் மட்டும் நடப்பதில்லை. புறக்கோட்டையிலிருந்து வெளிமாவட்டங்களுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் லொறியிலும், கடை கடையாக ஓடர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதியின் வேனிலும், வீடுகளுக்குப் பொருட்களை விநியோகிக்கும் மோட்டார் சைக்கிளிலும் அது நடக்கிறது. முன்னர் இந்த வாகனங்களில் பில் புத்தகமும் பேனையும் இருந்தால் போதுமானதாக இருந்தது. இன்று பாதை காட்டும் கைத்தொலைபேசி, ஓடர் பதியும் டெப், பில் அச்சிடும் சிறிய பிரிண்டர், காட் மெஷின், வீதியைப் பதிவு செய்யும் கெமரா என்று பல சாதனங்கள் சாரதியைச் சுற்றி இருக்கின்றன.

அவை எங்கே இருக்கின்றன என்று உங்கள் வாகனத்தின் கதவைத் திறந்து ஒரு தடவை பாருங்கள். தொலைபேசி டேஷ்போர்டின் மேல் ஒரு துணித்துண்டில் கிடக்கும். டெப் பக்கத்து ஆசனத்தில் பில் கட்டுகளுக்கு நடுவே இருக்கும். பிரிண்டர் காலடியில் உருண்டு கொண்டிருக்கும். லொறியின் பின்னால் ஏற்றிய சரக்கைக் கயிற்றால் கட்டி, கயிறு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்காமல் எந்த முதலாளியும் வாகனத்தை அனுப்புவதில்லை. ஆனால் சாரதிக்கு முன்னால் இருக்கும் இந்தச் சிறிய சரக்கை மாத்திரம் கட்டாமல் விட்டுவிடுகிறோம்.

தளர்வாகக் கிடந்தால் என்ன நடக்கும்?

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் சுமார் 14 மீற்றர் ஓடிவிடும். கடுகண்ணாவை வளைவில் தொலைபேசி வழுக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுக்கச் சாரதி மூன்று வினாடிகள் குனிந்தால், அதற்குள் வாகனம் 40 மீற்றருக்கும் அதிகமான தூரத்தை வீதியைப் பார்ப்பார் யாருமின்றிக் கடந்திருக்கும்.

விழுந்த சாதனம் பிரேக் மிதிக்கு அடியில் சிக்கிக்கொள்வது இன்னொரு ஆபத்து. மிதி முழுமையாக இறங்காவிட்டால் வாகனம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

மோதல் ஒன்று ஏற்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். வாகனம் சட்டென நின்றாலும் உள்ளே கட்டப்படாமல் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். 50 கிலோமீற்றர் வேகத்தில் பாயும் ஒரு பொருள், சுமார் 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் பொருளின் வேகத்துடன் வந்து தாக்கும். இரண்டு கிலோ எடையுள்ள மடிக்கணனியோ பிரிண்டரோ அவ்வாறு ஒருவரின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எந்த இடத்தில் பொருத்துவது?

ஹோல்டரை வாங்குவதற்கு முன்னரே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதற்கு நான்கு விடயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, சாதனம் சாரதி வீதியைப் பார்ப்பதை மறைக்கக் கூடாது. முன் கண்ணாடியின் நடுவில் தொலைபேசியைத் தொங்கவிடும் வழக்கம் எம்மிடையே பரவலாக இருக்கிறது. பாதசாரியையோ மோட்டார் சைக்கிளையோ மறைப்பதற்கு அந்தச் சிறிய திரை போதும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் வழிகாட்டும் கருவியைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு மூலைகளை மாத்திரமே அனுமதிக்கிறது. சாரதிக்குத் தூரமான கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரத்துக்குள் அல்லது சாரதிக்குக் கிட்டிய கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரத்துக்குள் அது இருக்க வேண்டும். எமது வாகனங்களுக்கும் இது பொருத்தமான அளவுகோலாகும்.

இரண்டாவது, எயார் பேக் விரியும் பாதையில் எதுவும் இருக்கக் கூடாது. மோதலின்போது எயார் பேக் கண் இமைப்பதற்குள் விரிகிறது. அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவுக்கு இருக்கலாம். உயிர் காக்க வந்த பை, முன்னால் இருக்கும் ஹோல்டரை முகத்தில் எறியும் கருவியாக மாறிவிடும். ஸ்டியரிங்கின் நடுப்பகுதியிலும் இடது முன் ஆசனத்துக்கு எதிரேயுள்ள டேஷ்போர்டிலும் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தால் அந்த இடங்களைத் தொடாதீர்கள். சில வாகனங்களில் கதவோரத் தூண்களிலும் எயார் பேக் இருக்கும். கெமராவின் வயரை அந்தத் தூணின் உறைக்குள் தள்ளும்போது எயார் பேக்கிற்கு முன்னால் செல்லாமல் பின்புறமாகக் கொண்டுசெல்லுமாறு கராஜில் கூறுங்கள்.

மூன்றாவது, சாரதி முதுகை ஆசனத்திலிருந்து எடுக்காமல், கையை நீட்டிய மாத்திரத்தில் எட்டும் தூரத்தில் சாதனம் இருக்க வேண்டும்.

நான்காவது, கண்ணுக்கும் வீதிக்கும் இடையிலான தூரம். சாதனம் மடிக்கு அருகில் கீழே இருந்தால் பார்வை வீதியை விட்டு முற்றாக அகன்றுவிடும். கண்ணாடியின் கீழ் விளிம்புக்குச் சற்றுத் தாழ்வாக, வாகனத்தின் நடுப்பக்கமாக டேஷ்போர்டில் பொருத்துவதே பெரும்பாலான வாகனங்களில் நல்ல இடம்.

எந்த வகை ஹோல்டர்?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விதவிதமான ஹோல்டர்களைக் காணலாம். விலையைப் பார்த்து வாங்குவதை விட, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கும் றப்பர் கிண்ண வகை இலகுவானது. கழற்றி வேறு வாகனத்தில் மாட்டலாம். ஆனால் வெயிலில் நிறுத்திய வாகனத்தில் றப்பர் இளகி, உள்ளே மிஞ்சியிருக்கும் காற்று விரிந்து, பிடி தளர்ந்துவிடும். எமது நாட்டு வெயிலுக்கு இந்த வகையை மாத்திரம் நம்பியிருக்க முடியாது. பயன்படுத்துவதானால் கண்ணாடியையும் றப்பரையும் நன்கு துடைத்து ஒட்டுங்கள். பயணம் தொடங்கும் முன் ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பாருங்கள்.

இரு பக்க ஒட்டுநாடா வகை சரியாக ஒட்டினால் நீண்டகாலம் நிற்கும். அது விழுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது டேஷ்போர்டுக்குப் பூசும் பளபளப்புப் பொலிஷ். அதிலுள்ள சிலிக்கன் எண்ணெய் ஒட்டுப்பசையைப் பிடிக்க விடாது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பின்னர் ஒட்டி, சில வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். நல்ல ரக ஒட்டுநாடா முழுப் பலம் பெற சுமார் 72 மணித்தியாலம் எடுக்கும். ஒட்டிய உடனேயே தொலைபேசியை மாட்டினால் மறுநாள் அது காலடியில் கிடக்கும்.

ஏசி காற்று வரும் துவாரத்தில் கொளுவும் கிளிப் வகை, பாரம் குறைந்த தொலைபேசிக்கு உகந்தது. குளிர்காற்று தொலைபேசி சூடாவதையும் குறைக்கும். ஆனால் பழைய வாகனங்களின் பிளாஸ்டிக் தகடுகள் எளிதில் உடைந்துவிடும். டெப்பை இதில் மாட்டவே கூடாது.

காந்த வகை பாவனைக்கு வசதியானது. ஆனால் தடித்த கவரும் குண்டும் குழியுமான வீதியும் சேர்ந்தால் பிடி விட்டுவிடலாம். வாங்கும் முன்னர் உங்கள் கவருடனேயே மாட்டிக் குலுக்கிப் பாருங்கள்.

ஸ்குரூ அடித்துப் பொருத்தும் உலோகத் தாங்கியே நாளாந்தம் ஓடும் லொறிக்கும் விநியோக வேனுக்கும் உரியது. முக்கியமாக டெப்புக்கு வேறு தெரிவில்லை என்றே கூறலாம். கவருடன் அரைக் கிலோவைத் தாண்டும் டெப்பை நீண்ட கைபோன்ற தண்டின் நுனியில் மாட்டினால், ஒவ்வொரு குழியிலும் அந்தத் தண்டு நெம்புகோலாக மாறி அடிப்பாகத்தைப் பிடுங்கும். தண்டின் நீளம் இரு மடங்கானால் நெம்பும் விசையும் இரு மடங்காகும். எனவே தண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஸ்குரூவை வெறும் பிளாஸ்டிக்கில் அடிக்காமல், அதன் பின்னாலுள்ள உலோகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். துளையிடும் முன்னர் பின்னால் வயர் ஓடுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

பிரிண்டர், காட் மெஷின் போன்றவை ஓடும்போது தேவைப்படாதவை. இவற்றுக்கு ஹோல்டர் தேவையில்லை. ஆசனத்தின் பின்னாலோ கீழேயோ பூட்டக்கூடிய ஒரு பெட்டியைப் பொருத்தி, அதற்குள் பட்டியால் கட்டி வைத்தால் போதும்.

பொருத்திய பின் ஒரு சோதனை: சாதனத்தைக் கையால் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். சாதனம் தனியாக ஆடினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

மின்சாரமும் வயரும்

ஹோல்டர் இறுகியிருந்தும் சார்ஜர் வயர் ஸ்டியரிங்கிலோ கியரிலோ சுற்றிக்கொண்டால் பலனில்லை. வயரைக் குட்டையாக வைத்து, டேஷ்போர்டின் ஓரமாகக் கிளிப் போட்டுக் கொண்டுசெல்லுங்கள். மிதிகளின் பக்கம் வயர் தொங்கவே கூடாது.

கார், வேன்களில் 12 வோல்ட் மின்சாரமும் பெரிய லொறிகளில் 24 வோல்ட் மின்சாரமும் இருக்கும். 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட சார்ஜரை லொறியில் குத்தினால் சார்ஜரும் தொலைபேசியும் எரிந்து போகலாம். 12-24 வோல்ட் என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். நிரந்தரமாக வயர் இழுப்பதாயின் பொருத்தமான பியூஸ் இல்லாமல் இழுக்க விடாதீர்கள்.

மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும்

விநியோகத்தில் ஈடுபடும் எமது இளைஞர்களில் பலர் தொலைபேசியை மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலில் மாட்டுகிறார்கள். இங்கே விழுவதை விட மறைவான ஓர் ஆபத்து அதிர்வு. அதிக வலுவுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கெமராவைப் பாதிக்கக் கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. ஸ்கூட்டர் போன்ற சிறிய எஞ்சின் வாகனங்களில் கூட அதிர்வைத் தாங்கும் ஹோல்டரைப் பயன்படுத்துமாறு அது ஆலோசனை கூறியது. கெமராவுக்குள் படத்தை நிலைப்படுத்தும் நுண்ணிய அசையும் பாகங்கள் இருப்பதே இதற்குக் காரணம். அத்தகைய பாகங்கள் வேறு கம்பனித் தொலைபேசிகள் பலவற்றிலும் உண்டு.

எனவே றப்பர் தாங்கியுள்ள ஹோல்டரையே வாங்குங்கள். நான்கு மூலைகளையும் பிடிக்கும் வகை நல்லது. அத்துடன் ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். மழைக்கு உறை வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். முச்சக்கர வண்டிக்கும் இதே சோதனை பொருந்தும்.

வெயிலும் திருட்டும்

ஐபோனை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பாவிக்கும்படியும், 45 பாகைக்கு மேற்பட்ட இடத்தில் வைக்க வேண்டாம் என்றும் அதன் தயாரிப்பாளர் கூறுகின்றார். பகல் வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வாகனத்தின் டேஷ்போர்ட் இதை எளிதாகத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பட்டரி ஆயுள் குறையும், உப்பவும் கூடும். சரக்கு இறக்க நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் சாதனத்தைக் கழற்றி எடுத்துச் செல்வதே நல்லது. திருட்டிலிருந்தும் அதுவே பாதுகாப்பு. ஒரு கையால் கழற்ற முடியாத ஹோல்டரில் சாதனத்தைச் சாரதி விட்டுச் செல்லவே பார்ப்பார் என்பதையும் வாங்கும்போது நினைவில் வையுங்கள். வாகனக் காப்புறுதியில் உள்ளேயுள்ள சாதனங்களும் அடங்குமா என்பதையும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டறியுங்கள்.

முதலாளியின் பொறுப்பு

வாகனம் செலுத்தும்போது தொலைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவது எமது நாட்டில் சட்டப்படி குற்றம். ஹோல்டர் அந்தக் கையை விடுவிக்கிறது. கண்ணையும் கவனத்தையும் விடுவிப்பதில்லை. கலிபோர்னியாவில் 2017 முதல் பொருத்தப்பட்ட தொலைபேசியைக் கூட ஒரே ஒரு தட்டல் அல்லது ஒரு தடவல் அளவுக்குத்தான் சாரதி தொட முடியும். செல்லும் இடத்தைப் புறப்படும் முன்னரே பதிவு செய்வது, ஓடரை வாகனத்தை நிறுத்திய பின்னரே பதிவது என்ற இரு ஒழுங்குகளை உங்கள் சாரதிகளுக்கு எழுத்தில் கொடுங்கள்.

இதில் முதலாளிமாருக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஓடும் சாரதிக்கு "எங்கே நிற்கிறீர்கள்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழைப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். முதலாளியின் பெயர் திரையில் தெரிந்தால் எந்தச் சாரதியும் எடுக்காமல் இருக்கத் துணியமாட்டார். அழைப்பை எடுக்காத சாரதியைக் கடிந்துகொள்ளாதீர்கள். நிறுத்திய பின் அவரே திருப்பி எடுக்கட்டும் என்று நீங்களே சொல்லி வையுங்கள்.

நல்ல தாங்கி ஒன்றுக்கும் கராஜ் கூலிக்கும் ஆகும் செலவு, ஒரு டெப்பின் உடைந்த திரையை மாற்றும் செலவுடன் ஒப்பிடக் கூடியதல்ல. ஒரு விபத்தின் இழப்புடன் ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது. அடுத்த தடவை லொறிக் கயிற்றை இழுத்துப் பார்க்கும்போது, முன் கதவையும் திறந்து அந்த ஹோல்டரை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். எம்மை நம்பி எமது வாகனத்தைச் செலுத்துபவர் மாலையில் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.