பிரெஞ்சு மறுப்பின் இரண்டு சொற்கள்

பிரெஞ்சுப் பாடநூல்களில் எதிர்மறைக்கு ஒரே வரியில் விதி இருக்கும்: வினைச்சொல்லுக்கு முன்னால் ‘நெ’, பின்னால் ‘பா’. ‘ஜெ பார்ல்’ என்றால் பேசுகிறேன். ‘ஜெ நெ பார்ல் பா’ என்றால் பேசவில்லை. ஒரு மறுப்புக்கு எதற்கு இரண்டு சொல் என்று புதிதாகப் படிப்பவருக்குத் தோன்றும். நல்ல கேள்வி அது. அதற்கான பதில் தெரிந்துவிட்டால் மற்ற விதிகளும் மனப்பாடம் செய்யாமலே பிடிபடும்.

பழைய பிரெஞ்சில் ‘நெ’ ஒன்றே போதுமானதாக இருந்தது. லத்தீனின் ‘நோன்’ தேய்ந்து அப்படி ஆனது. தேய்ந்த சொல்லில் ஒலி அழுத்தம் இல்லை. வேகமாகப் பேசினால் காதில் விழாது. ஆகவே, மறுப்பை உறுதியாகச் சொல்ல நினைத்தவர்கள் ஏதாவது ஒரு சிறிய பொருளின் பெயரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ‘பா’ என்பது காலடி. ஓர் அடிகூட நடக்கவில்லை என்று சொல்லப் பயன்பட்டது. துளியைக் குறிக்கும் ‘கூத்’, ரொட்டித் துணுக்கைக் குறிக்கும் ‘மீ’, புள்ளியைக் குறிக்கும் ‘புவான்’ ஆகியவையும் இப்படியே புழங்கின. தமிழிலும் ‘துளியும் இல்லை’, ‘எள்ளளவும் இல்லை’ என்கிறோம் அல்லவா? ஆனால் பிரெஞ்சில் ‘பா’ அதோடு நிற்கவில்லை. நடைக்குச் சம்பந்தமே இல்லாத வினைகளோடும் சேர்ந்து, இலக்கணத்தின் கட்டாய உறுப்பாகிவிட்டது. மறுப்புச் சொல் தேய்வது, துணைச்சொல் வந்து சேர்வது, பிறகு துணையே மறுப்பாகிவிடுவது என்ற இந்தப் போக்கை டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் பல மொழிகளிலிருந்து சான்று காட்டி விளக்கினார்.

பேச்சுப் பிரெஞ்சு இப்போது அந்த மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்பதற்குப் புத்தகத்தில் ‘ஜெ நெ சே பா’. அன்றாடப் பேச்சில் அது ‘ஜெ சே பா’, இன்னும் சுருங்கி ‘ஷே பா’. ‘நெ’யைத் தேடிக்கொண்டிருந்தால் எதிரில் பேசுபவர் சொன்னதை நேர்மாறாகப் புரிந்துகொள்வோம். காது ‘பா’வின் மேல் இருக்கட்டும், கை மட்டும் இரண்டையும் எழுதட்டும். தேர்விலும் கடிதத்திலும் ‘நெ’யை விடக் கூடாது.

‘இல்லை’யைக் கடைசியில் வைத்தே பழகிய நாம் ‘பா’வையும் வாக்கிய முடிவுக்குத் தள்ளிவிடுகிறோம். அது ஒட்டியிருக்க வேண்டியது, ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்பத் திரிபடைந்த வினையோடு. துணைவினையோடு அமையும் இறந்தகாலத்தில் அந்த இடம் துணைவினைக்குரியது: ‘ஜெ நே பா மான்ஜே’, நான் சாப்பிடவில்லை. இங்கே ‘நே’ என்பது ‘நெ’யும் துணைவினையான ‘ஏ’யும் கலந்தது. உயிரொலிக்கு முன் ‘நெ’ இப்படித்தான் கரையும். திரிபடையாத வினை என்றால் இரண்டும் சேர்ந்து முன்னால் வந்துவிடும்: ‘நெ பா தூஷே’, தொடாதீர்கள்.

இன்னொன்று, ‘ஒரு பூனை இருக்கிறது’ என்பதில் வரும் ‘அன்’ என்ற ‘ஒரு’, மறுப்பில் ‘தெ’ ஆகிவிடும்: ‘ஜே அன் ஷா’, ‘ஜெ நே பா தெ ஷா’. ‘இது பூனை அல்ல’ என்று சொல்லும்போது மட்டும் ‘அன்’ மாறாது.

ஒருபோதும் இல்லை என்பதற்கு ‘ஜாமே’, எதுவும் இல்லை என்பதற்கு ‘ரியன்’, யாரும் இல்லை என்பதற்கு ‘பெர்சொன்’. இவை வந்த இடத்தில் ‘பா’ வரக் கூடாது. அதன் வேலையை இவையே செய்துவிடுகின்றன. ‘ரியன்’ ஒரு காலத்தில் ‘பொருள்’ என்றும், ‘பெர்சொன்’ ‘ஆள்’ என்றும் மட்டுமே பொருள்பட்டவை. யார் வந்தார்கள் என்ற கேள்விக்கு இன்று ‘பெர்சொன்’ என்ற ஒரு சொல்லே ‘யாரும் வரவில்லை’ என்று பதிலாகிவிடுகிறது.

கவனம் அதிகம் வேண்டியது ‘ப்ளூ’வுக்கு. ‘நெ’ விடுபட்ட பேச்சில் ‘ஜான் வெ ப்ளூ’ என்றால் இனி வேண்டாம். ‘ஜான் வெ ப்ளூஸ்’ என்று கடைசி ஸ் ஒலித்தால் இன்னும் வேண்டும். எழுதும்போது இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே; அங்கே ‘நெ’யை விட்டுவிட்டால் படிப்பவருக்கு வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாது.