நிபுணர் கணக்கும் நமது பேரேடும்



நாட்டுக்கு நெருக்கடி வந்தால் பொருளாதார நிபுணர் சொல்வதே வேதவாக்காகி விடுகிறது. அதை நாம் எந்த அளவுக்கு ஏற்பது? 1991ஆம் வருடத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

அவ்வருட நடுவில் நாட்டின் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் அடமானமாக இங்கிலாந்து வங்கிக்குப் போனது. பிரதமர் நரசிம்மராவ், ரிசர்வ் வங்கி முன்னாள் கவர்னரான மன்மோகன் சிங்கை நிதியமைச்சராக்கியிருந்தார். அரசியல்வாதி அல்ல, படிப்பாளி என்பதாலேயே அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. சுமார் 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கியது.

ஏற்றுமதிச் சரக்குக்கு இனி அதிக ரூபாய் கிடைக்கும் என்றார்கள் நிபுணர்கள். கணக்கு சரிதான். ஆனால் நம் சேர்வராயன் மலைக் காபியை அன்று காபி வாரியத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும்; பணம் தவணை தவணையாக வரும். 1989இல் சர்வதேச ஒதுக்கீட்டு முறை முறிந்ததால் உலக விலையும் விழுந்து கிடந்தது. தோட்டத்தில் பணம் புழங்கினால்தானே ஒண்டிக்கடையில் வியாபாரம்?

அப்போது நாங்களும் ஒரு தவறு செய்தோம். விலைவாசி ஏறும், கையில் ரொக்கம் வேண்டும் என்று நிபுணர்கள் எழுதியதைப் படித்துப் பயந்து, மலைக்கடைகளுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினோம். ஒரு சில்லறை வியாபாரி கடையையே மூடிவிட்டார். அவர் பல வருடங்களாகத் தவறாமல் பணம் கட்டியவர் என்று எங்கள் பேரேடே சொன்னது. நாங்கள்தான் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. நிபுணரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாட்டின் கணக்கு தெரிந்த அவருக்கு நம் வாடிக்கையாளரைத் தெரியாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஜூலை 24 பட்ஜெட்டில் உரவிலை 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததும் 30 சதவீதமாகக் குறைந்தது; சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. அதனால் சீர்திருத்தம் நின்றுவிடவில்லை. வருடம் முடிவதற்குள் தங்கமும் மீட்கப்பட்டது. ஆக, நிபுணர் சொல்லையும் கேள்வி கேட்கலாம். கேட்டால் திருத்தம் கிடைக்கும்.

ஆகவே வணிகர்களே, நெருக்கடியில் நிபுணர் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள். சுமை யார் தலையில் விழும் என்பதையும் கேளுங்கள். பாதிப்பு இருந்தால் சங்கத்தின் மூலம் எழுதுங்கள். வாடிக்கையாளருக்குக் கடனை நிறுத்துமுன் உங்கள் பேரேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.