விழுபவனைப் பார்த்துச் சிரிக்கும் விளையாட்டு!

பொங்கல் விளையாட்டு விழாவில் கோணிப்பை ஓட்டம் வைத்தால், முதலில் வந்தவரை இரண்டே நாளில் மறந்துவிடுவார்கள். பாதி வழியில் கோணியோடு உருண்டவரை மட்டும் அடுத்த பொங்கல் வரை விடமாட்டார்கள். வழுக்கு மரமும் உறியடியும் அப்படித்தான். பானையை விட்டுக் காற்றை அடிப்பவருக்கே கைதட்டல் அதிகம்.

இந்தச் சிரிப்பைத்தான் இப்போது கைப்பேசிக்குள் அடைத்துத் தருகிறார்கள். தங்கவயல் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. "நல்ல பொழுதுபோக்கு" என்பார் சிலர். "வெட்டி வேலை" என்பார் சிலர். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

பிறந்த கதை

2020 ஆகஸ்டில் லண்டனைச் சேர்ந்த மீடியாடானிக் நிறுவனம் உருவாக்கிய "ஃபால் கைஸ்" என்ற வீடியோ விளையாட்டு வெளியானது. தொடக்கத்தில் கைகால் முளைத்த மொச்சைக்கொட்டை போன்ற 60 குண்டு பொம்மைகள் ஒரே சமயத்தில் ஓடின. ஒவ்வொன்றையும் உலகின் எங்கோ ஒரு மூலையில் இருப்பவர் ஓட்டுகிறார். ஒரு சுற்றில் வரிசையாகக் கதவுகள். சில திறக்கும், சில முகத்தில் அறையும். இன்னொன்றில் கால் பட்ட தரையே மறைந்துபோகும். சுற்றுக்குச் சுற்று ஆட்கள் கழிந்து, கடைசியில் ஒருவருக்குக் கிரீடம்.

இதற்கு மூலம் ஜப்பானில் 1986 முதல் 1990 வரை ஒளிபரப்பான "தகேஷியின் கோட்டை" என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி. போகோ சேனலில் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு அது வந்தபோது, இந்தி புரியாதவர்களும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சேற்றில் விழுவதற்கு மொழி எதற்கு?

கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த வேளை. ஒரே மாதத்தில் ஸ்டீம் தளத்தில் மட்டும் 70 லட்சம் பிரதிகள் விற்றன. ஆனால் அதற்குக் கம்ப்யூட்டரோ, விலை உயர்ந்த விளையாட்டுப் பெட்டியோ வேண்டும். குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டுகிற பொருளா அது?

எட்டும்படி செய்தது பின்லாந்தின் கிட்கா கேம்ஸ். அதன் "ஸ்டம்பிள் கைஸ்" சாதாரணக் கைப்பேசியில் ஓடும், 32 பேர் ஆடலாம், காசு கிடையாது. மாவு அதே மாவு, இட்லிச் சட்டிதான் வேறு என்ற ஏச்சும் கூடவே கிடைத்தது. அசல் விளையாட்டு 2022 ஜூனில் இலவசமாகி, 2024-ல் கைப்பேசிக்கும் வந்தது. அதற்குள் நகல் திண்ணையைப் பிடித்துவிட்டது.

அதிர்ஷ்டமா, திறமையா?

பெரிய தகராறு இதில்தான். ஒரு மாதம் பழகியவன் கடைசிப் படியில் இடிபட்டு விழுவான். இன்று கற்றவன் ஜெயிப்பான். "இது என்ன போட்டி?" என்று கெட்டிக்காரர்கள் கோபிக்கிறார்கள். கூட்டாக ஆடும் சுற்றுகளில் கோபம் இன்னும் அதிகம். ஃபால் கைஸில் முட்டைகளைப் பொறுக்கித் தம் கூட்டில் சேர்க்க வேண்டும். ஒருவர் பத்து முட்டை சேர்த்தாலும், கூட்டாளி சும்மா நின்றால் இருவருக்கும் சேர்த்தே வெளியேற்றம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கூட்டாளியின் கவனக்குறைவு என்ன செய்யும் என்பதை அவர்கள் பொம்மையை வைத்துக் கற்கவில்லை.

ஆனால் இந்த ஊருக்கு, குறை என்று சொல்லப்படுவதே குணமாகவும் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின், பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுபவர் வீடு திரும்ப இருட்டிவிடும். பிள்ளையோடு இருக்கக் கிடைப்பது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். துப்பாக்கி விளையாட்டிலோ, கிரிக்கெட் விளையாட்டிலோ கைதேர்ந்த மகனிடம் அப்பா இரண்டு நிமிடத்தில் தோற்றுப் பாயை விரித்துவிடுவார். இதில் அப்பாவும் ஜெயிக்கலாம்! ஆட்டம் சில நிமிடங்களில் முடிகிறது. பாட்டி ஓட்டும் பொம்மை பள்ளத்தில் விழுந்தால் வீடே சிரிக்கும், பாட்டியும் சிரிப்பார். பிள்ளை மூலையில் தனியே உட்கார்ந்து ஆடினால் இந்தப் பயன் எதுவும் இல்லை. கைப்பேசி கைமாற வேண்டும். ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது தானாகவே நடந்துவிடுகிறது.

இலவசத்தின் விலை

பணம் கட்டி ஆடும் ரம்மியோடு இதைக் குழப்பிக்கொள்ளும் பெற்றோர் உண்டு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இதில் பந்தயப் பணம் இல்லை. ஆகவே அந்தத் தடைக்குள் வராது.

என்றாலும் காசு போக வழி இருக்கிறது. பொம்மைக்குச் சட்டை, தொப்பி, வேஷம் என்று கடை விரித்திருக்கிறார்கள். அவற்றை வாங்க "ரத்தினம்" வேண்டும். ரத்தினம் வாங்க ரூபாய் வேண்டும். ஸ்டம்பிள் கைஸில் எதிராளியைக் குத்தித் தள்ளும் வித்தைகளும் உண்டு. அவை கையில் உள்ளவனுக்கே சாதகம் என்பது பலர் சொல்லும் புகார். சட்டை அலங்காரம் வேறு, முஷ்டியை விலைக்கு விற்பது வேறு. இந்தப் புகார் நியாயமானதே. இதில் புரளும் தொகையும் சிறிதல்ல. ஸ்டம்பிள் கைஸை 2022-ல் வாங்கிய ஸ்கோப்லி நிறுவனத்தை, மறு ஆண்டே சவுதி அரேபியாவின் சாவி கேம்ஸ் 490 கோடி டாலருக்கு வாங்கியது. இலவச விளையாட்டுகளை நடத்தும் கம்பெனிக்கு இத்தனை விலை!

பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் தொப்பிதான். பக்கத்து வீட்டுப் பையனின் பொம்மைக்கு இருக்கிறதாம். அப்பாவின் கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதியும் இணைந்திருந்தால், கேட்காமலே வாங்கிவிடுவதும் நடக்கும். பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ரயிலில் ஊர் திரும்பும்போதே செய்துவிடக்கூடிய வேலை அது.